சுட்டி சாகவில்லை

கடந்த மாதம் அடம்பனில் அக்காவின் வீட்டில் நான்கு நாட்கள் தங்கியிருந்தேன். கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயல்களின் நடுவே, இரவு எட்டு மணிக்கெல்லாம் ஊர் அடங்கிவிடும். அப்படி அடங்கிய ஓர் இரவில் முற்றத்தில் கதிரை போட்டு, காற்று வாங்கியபடி, மறுநாள் அனுப்ப வேண்டிய பத்தியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து மருமகள் ஓடிவந்தாள்.

"மாமா, மவுஸ் செத்துப்போச்சு."

சொல்லும்போது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சாதாரணமாக ஒரு சுட்டி பழுதாவதற்கு யாரும் அழுவதில்லை. ஆனால் அவள் ஒரு கல்வி நிறுவனத்துக்கு இணையவழியில் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். அன்று நள்ளிரவுடன் விண்ணப்ப முடிவுத் திகதி கடந்துவிடும். அடம்பன் சந்தியில் இருக்கும் கடைகள் பூட்டியாகிவிட்டன. மன்னார் நகரத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸும் போய்விட்டது. "கடைசி நாள்வரைக்கும் ஏன் பிள்ளை வைச்சிருந்தனி?" என்று கேட்க வாயெடுத்தேன். முப்பது ஆண்டுகளாகக் கடைசி நிமிடத்தில் கட்டுரை அனுப்பி வரும் எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி இல்லை என்பது நினைவுக்கு வந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா தன் தீர்ப்பை வழங்கினார். "நாளைக்கு மன்னாருக்குப் போய்ப் புதுசு ஒண்டு வாங்குவம் தம்பி. இண்டைக்கு இவளின்ரை யோகம் அவ்வளவுதான்."

கணனி பழையது, மேசைக் கணனி. சுட்டியோ கம்பியில்லாத நவீன வகை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் கனடாவிலிருந்து வந்த பெட்டியொன்றில், சொக்கலேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே அதுவும் வந்தது. அதனுடன் வந்த ஆங்கிலத் துண்டுப்பிரசுரம் பெட்டி பிரித்த அன்றே அடுப்புக்குப் போய்விட்டது.

நான் கலைப்பட்டதாரி. மின்னணுவியலில் எனக்கு எந்தப் புலமையும் கிடையாது. ஆனால் செய்தியாளனுக்கு ஒரு பழக்கம் உண்டு. செத்துவிட்டார் என்று ஒருவர் சொன்னால், அதை இன்னொருவரிடம் கேட்டு உறுதிப்படுத்தாமல் அச்சுக்கு அனுப்பமாட்டான். அதே பழக்கத்தில் கேட்டேன்.

"பற்றரியைக் கழட்டிப் பாத்தனியே பிள்ளை?"

"அது போன வருசம்தான் மாமா புதுசு போட்டது."

கேட்ட கேள்விக்கு அது பதில் அன்று. நாம் எல்லோரும் இப்படித்தான் பதில் சொல்கிறோம். பார்த்தாயா என்றால், இருக்காது என்கிறோம்.

சுட்டியைத் திருப்பி மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு பென்ரோச் பற்றரி. அதன் ஓர் அந்தத்தில் வெண்மையாகப் பூத்திருந்தது. அது தொட்டுக்கொண்டிருந்த சுருள் கம்பியில் பச்சை படிந்திருந்தது. பற்றரி கசிந்திருக்கிறது. கசிந்த பொடி, கம்பிக்கும் பற்றரிக்கும் இடையே திரையாக நின்று மின்னோட்டத்தை மறித்திருக்கிறது. கடற்காற்று படும் ஊர்களில் இது இன்னும் விரைவாக நிகழும். சாதாரணமாகக் கிடைக்கும் அல்கலைன் பற்றரியிலிருந்து கசிவது காரத்தன்மை உடையது. புளிப்பான எதுவும் அதைக் கரைத்துவிடும். அக்காவின் குசினியில் தேசிக்காய் இருந்தது. காது துடைக்கும் பஞ்சுக்குச்சியில் இரண்டு துளி சாற்றைத் தொட்டுச் சுருளைத் துடைத்தோம். பின்னர் ஈரத்துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை. அந்தப் பொடியை வெறுங்கையால் தொடக்கூடாது. தொட்டால் கையை நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

புதிய பற்றரிக்கு எங்கே போவது? சுவர்க்கடிகாரம் கண்ணில் பட்டது. அதற்கும் அதே அளவுப் பற்றரிதான், முதல்வாரம்தான் மாற்றியிருந்தார்கள். கழற்றினோம். கடிகாரம் எட்டு ஐம்பதில் நின்றது. சுட்டியின் வயிற்றில் சிவப்பு ஒளி எரிந்தது. அக்காவின் வாய் சற்றுத் திறந்தே இருந்தது.

ஆனால் கதை முடியவில்லை. திரையில் அம்புக்குறி நகர்ந்தது, நின்றது, துள்ளியது. மறுபடியும் நின்றது. மருமகளின் முகத்தில் வந்த ஒளி போயிற்று.

இங்கேதான் பலர் பொறுமை இழந்து சுட்டியை மேசையில் தட்டத் தொடங்குவார்கள். தட்டுவதால் எதுவும் தெரியவராது. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால்தான் தெரியும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்பது தெரியாமல் போகும். கம்பியுள்ள சுட்டியில் வால் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் டக்ளஸ் ஏங்கல்பார்ட்டும் அவருடைய உதவியாளர் பில் இங்கிலிஷும் 1964 இல் மரப்பெட்டியில் செய்த முதற்சுட்டிக்கும் வால் இருந்தது. அந்த வாலை வெட்டியபோது, வால் ஒன்றே செய்துவந்த வேலை மூன்றாகப் பிரிந்தது. மின்சாரம் கொடுப்பது பற்றரி. செய்தி அனுப்புவது வானொலி அலை. செய்தியை வாங்குவது கணனியில் குத்தியிருக்கும் நகக்கண் அளவுச் செருகி. ஆகவே பழுதும் இந்த மூன்றில் ஒன்றில் இருக்கும். அல்லது சுட்டி கீழே பார்க்கும் மேசையில் இருக்கும். தேட வேண்டிய இடம் இவ்வளவுதான்.

பற்றரியைப் பார்த்தாயிற்று. அடுத்தது செருகி. அது கணனியின் பின்புறத்தில், நீலநிற யூ.எஸ்.பி. துளையொன்றில் இருந்தது. அதற்குப் பக்கத்துத் துளையில் ஒரு வெளிவன்தட்டு இணைக்கப்பட்டிருந்தது. நீலநிறத் துளை பொதுவாக யூ.எஸ்.பி. 3 வகையைச் சேர்ந்தது. அந்த வகை இணைப்பு வேலை செய்யும்போது எழும் இரைச்சல், கம்பியில்லாச் சுட்டி பேசும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையிலும் விழுகிறது என்று இன்ரெல் நிறுவனமே 2012 இல் ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. பக்கத்தில் கோயில் ஒலிபெருக்கி முழங்கும்போது இருவர் கதைப்பது போன்ற நிலைமை அது. செருகியைக் கழற்றி, கணனியின் முன்புறத்தில் இருந்த கறுப்புத் துளையில் குத்தினோம். துள்ளல் பாதி குறைந்தது.

மீதிப் பாதி மேசையில் இருந்தது. அக்கா அழகுக்காக மேசைமேல் கண்ணாடி போட்டிருந்தார். ஒளியால் இயங்கும் சுட்டி, தனக்குக் கீழேயுள்ள பரப்பை ஒரு விநாடியில் ஆயிரக்கணக்கான தடவை படமெடுத்து, படத்துக்குப் படம் என்ன மாறியது என்று கணக்கிட்டே தான் நகர்ந்த தூரத்தை அறிகிறது. தெளிந்த கண்ணாடியில் படமெடுக்க எதுவும் இல்லை. மருமகளின் அப்பியாசக் கொப்பி ஒன்றைக் கண்ணாடிமேல் வைத்தோம். சுட்டி குழந்தைபோல் சொன்னபடி கேட்டது.

சுட்டி உயிர்பெறாமலே போயிருந்தாலும் விண்ணப்பத்தை அனுப்பியிருக்கலாம் என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். விசைப்பலகையில் உள்ள 'ராப்' விசையை அழுத்தினால் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகலாம். தெரிவுக் கட்டத்தில் அடையாளமிட இடைவெளி விசை; பொத்தானை அழுத்த 'என்ரர்' விசை. விண்டோஸ் கணனிகளில் இடப்பக்க 'அல்ற்', இடப்பக்க 'சிஃப்ற்', 'நம் லொக்' ஆகிய மூன்றையும் ஒருசேர அழுத்தி ஒப்புதல் கொடுத்தால், வலப்பக்க எண்விசைகளே சுட்டியாக மாறிவிடும். கை நடுக்கமுள்ள முதியவர்களுக்கும் இது பெரிய உதவி.

இவ்வளவும் முடியும்போது ஒன்பதரை. இனி ஒரேயொரு படிதான் மிச்சம். அவளுடைய கையடக்கத் தொலைபேசிக்கு ஓர் இரகசிய இலக்கம் குறுஞ்செய்தியாக வரும். அதை இட்டால் விண்ணப்பம் போய்ச் சேரும். அந்தத் தொலைபேசி வழியாகத்தான் கணனிக்கும் இணையம் வந்துகொண்டிருந்தது. தொலைபேசி அந்த நேரம் பார்த்து உறைந்துபோனது. திரை எரிகிறது; தொட்டால் அசைவில்லை. பக்கத்துப் பொத்தானை அழுத்தினாலும் அணையவில்லை.

"இப்ப போனும் செத்துப்போச்சு மாமா!"

ஒரே இரவில் இரண்டு மரணச் செய்திகள். இரண்டுமே பொய்.

அன்ட்ரொய்ட் தொலைபேசிகள் பலவற்றில், ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் மின் பொத்தானையும் சேர்த்துப் பத்து விநாடி வரை விடாமல் அழுத்திப் பிடித்தால், திரை எந்த நிலையில் உறைந்திருந்தாலும் அது அணைந்து மீண்டும் எழும். வேறு சிலவற்றில் மின் பொத்தானை மட்டும் அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். ஐபோன் 8 இலும் அதன்பின் வந்தவற்றிலும் முறை வேறு: ஒலியைக் கூட்டும் பொத்தானை ஒருமுறை அழுத்தி விடவேண்டும், குறைக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்தி விடவேண்டும், பின்னர் பக்கப் பொத்தானை அழுத்தி, அப்பிள் சின்னம் தோன்றும்வரை விடாமல் பிடிக்கவேண்டும். இடையில் திரை கறுத்துப் போகும். பயந்து கையை எடுத்துவிடக்கூடாது.

நான் இரண்டு பொத்தான்களையும் அழுத்தப் போனபோது மருமகள் என் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம் மாமா. படமெல்லாம் அழிஞ்சு போகும்."

அழியாது என்று சொல்லி அழுத்தினேன். ஒரு நிமிடத்தில் தொலைபேசி எழுந்தது. இரகசிய இலக்கம் வந்தது. பத்து மணிக்குச் சற்று முன்னதாக விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. சுவர்க்கடிகாரத்தில் மட்டும் இன்னும் எட்டு ஐம்பது.

அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்தாளே, அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தப் பத்தியை எழுதவைத்தது. விசாரித்தபோது அக்கா சொன்னார். அயலில் ஒரு தாய். 2008 மே மாதம் அடம்பன் இராணுவத்தின் வசமாவதற்கு முன்னரே, இந்தப் பகுதி மக்கள் வீடு வாசலை விட்டு வடக்கு நோக்கி நகர்ந்தார்கள். அந்தத் தாயும் நகர்ந்தார். பல இடங்கள் மாறி, முகாமில் இருந்து, ஊர் திரும்பியபோது மகன் இல்லை. மகனின் படம் ஒன்று உறவினர் ஒருவரிடம் இருந்திருக்கிறது. அதை யாரோ தொலைபேசியில் படமெடுத்து அவருக்கு அனுப்பியிருந்தார்கள். ஒருநாள் தொலைபேசி உறைந்தது. கடையொன்றில் கொடுத்தார். தொலைபேசி திருத்தமாகத் திரும்பி வந்தது, படம் வரவில்லை. அந்த உறவினரின் வீட்டிலிருந்த மூலப்படமும் பின்னர் மழைக்குள் அகப்பட்டுப் போய்விட்டதாம்.

"ரீஸ்ராட் பண்ணினால் எல்லாம் போயிடும்" என்று அதன்பின் அந்த ஒழுங்கையில் எல்லோரும் நம்புகிறார்கள். ஆனால் அங்கே நடந்தது 'ரீஸ்ராட்' அன்று, 'ரீசெற்'. ஒன்று தூங்கி எழுவது. மற்றையது வீட்டைக் காலிசெய்து கழுவிவிட்டுப் போவது. காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கின்றன. கடைக்காரர் எதைக் கேட்டார், அந்தத் தாய் எதற்குத் தலையசைத்தார் என்பது இப்போது யாருக்கும் தெரியாது. நமது மொழியில் இரண்டுக்கும் இரண்டு தெளிவான பெயர்கள் பேச்சுவழக்கில் இருந்திருந்தால் அந்தத் தலையசைப்பு நிகழ்ந்திராது என்பது மட்டும் எனக்கு உறுதி.

என் தலைமுறையினர் எண்ணிப் பார்க்க வேண்டிய விடயம் இது. 1990 இல் மீண்டும் போர் மூண்டபின், விடுதலைப்புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்கு அரசு விதித்த பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. உயிலங்குளத்துக்கு அப்பால் ஒரு பென்ரோச் பற்றரியைக் கொண்டுபோவதே பெரும்பாடாக இருந்த காலம் அது. 2002 இல் தடைகள் தளரும்வரை அப்படித்தான். நான் அப்போது யாழ்ப்பாணத்தில் கலைப்பீட மாணவன். துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிக்க, அதன் டைனமோவில் வானொலியை இணைத்து, மற்றவர்கள் குந்தியிருந்து பி.பி.சி. தமிழோசை கேட்போம். செத்த பற்றரியில் ஆணியால் துளையிட்டு உப்புநீர் விட்டு இன்னும் சில மணித்தியாலங்களைப் பிழிந்தெடுத்தவர்கள் உண்டு. சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். கோடிட்ட கொப்பித்தாளில் நாளிதழ் அச்சாகி வந்தது.

அந்தக் காலத்தை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அது மீண்டும் வரக்கூடாது. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. அன்று பொருள் இல்லை. பொருளைக் கையாளும் அறிவு இருந்தது. அந்த அறிவு எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் வரவில்லை. வாய்வழியாக, நமது பேச்சில், ஒழுங்கையிலிருந்து ஒழுங்கைக்குப் போயிற்று. எந்தக் கம்பியை எங்கே தொடவேண்டும், எதைத் தொடக்கூடாது என்பதற்கெல்லாம் ஊருக்கு விளங்கும் சொற்கள் இருந்தன. இன்று பொருள் பெட்டி பெட்டியாக வருகிறது. அறிவோ அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஆங்கிலத் தாளில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கவேண்டிய எழுத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. பற்றரிக்குத் தடை போட்டவர்களை எதிர்த்து நின்று வானொலி கேட்ட ஊர், இன்று பற்றரியைக் கழற்றிப் பாராமல் மன்னாருக்கு பஸ் ஏறி இரண்டாயிரம் ரூபா கொடுக்கத் துணிகிறது. இதை அந்த ஊரின் குற்றமாக நான் கருதவில்லை. சொல்லவேண்டியவர்கள் சொல்லவில்லை. சொல்லவேண்டியவர்களில் பத்திரிகைக்காரனாகிய நானும் ஒருவன்.

அணைத்துவிட்டு மீண்டும் ஏற்றுவது எல்லாம் ஓர் அறிவா என்று சிலர் சிரிக்கலாம். அவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1991 பெப்ரவரி 25 அன்று, வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் அமெரிக்கப் படையினரின் தங்குமிடம் ஒன்றில் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்து 28 பேர் இறந்தனர். அதைத் தடுக்கவேண்டிய பேற்றியற் ஏவுகணைத் தொகுதி அதைக் கண்டும் காணாமல் விட்டது. அந்தத் தொகுதியின் கணனி நூறு மணித்தியாலங்களுக்கு மேலாக அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஓட ஓட, அதன் உட்கடிகாரத்தில் மிகச்சிறு பிழையொன்று கூடிக்கொண்டே போய், ஒரு விநாடியின் மூன்றிலொரு பங்கை எட்டியிருந்தது. ஏவுகணையின் வேகத்துக்கு அது அரைக் கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தூரம். அணைத்து ஏற்றியிருந்தால் கடிகாரம் சுழியத்திலிருந்து தொடங்கியிருக்கும். அதற்கு ஓரிரு நிமிடமே போதும்.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. மிக நீண்ட நேரம் ஓடவிட்டால் பிழை வரும் என்று சில நாட்களுக்கு முன்னரே எச்சரிக்கை அனுப்பப்பட்டிருந்தது. மிக நீண்ட நேரம் என்றால் எத்தனை மணித்தியாலம் என்று அதில் சொல்லப்படவில்லை. திருத்திய மென்பொருள் மறுநாள்தான் வந்து சேர்ந்தது. தெளிவில்லாத ஒரு சொற்றொடரின் விலை அது. இதற்கு மாறான உதாரணமும் உண்டு. போயிங் 787 விமானத்தின் மின்சாரத்தை இடைவிடாமல் 248 நாட்கள் ஓடவிட்டால் மின்பிறப்பாக்கிகளின் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒருசேர நின்றுவிடக்கூடும் என்று கண்டறியப்பட்டபோது, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2015 இல் எண்ணைக் குறிப்பிட்டே ஆணை பிறப்பித்தது. அதற்குள் அணைத்து ஏற்றவேண்டும் என்பது எல்லோருக்கும் விளங்கிற்று.

அணைத்து ஏற்றுவதால் என்ன நடக்கிறது? தொலைபேசியும் கணனியும் வேலை செய்யும்போது பல செயலிகளைத் தற்காலிக நினைவகத்தில் விரித்து வைத்திருக்கின்றன. சில செயலிகள் வேலை முடிந்தும் பாயைச் சுருட்டுவதில்லை. சில, வராத பதிலுக்காகக் காத்துக்கொண்டே நிற்கும். அணைத்து ஏற்றும்போது தற்காலிக நினைவகம் மட்டும் காலியாகிறது. படங்களும் கடிதங்களும் தொலைபேசி இலக்கங்களும் நிரந்தரச் சேமிப்பில் இருப்பவை. அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. சேமிக்காமல் பாதியில் விட்ட எழுத்து மட்டுமே போகும்.

கணனி விடயத்தில் ஒரு நுட்பம் உண்டு. 2012 இல் வந்த விண்டோஸ் 8 முதல், நாம் கணனியை 'சட்டவுண்' செய்து மூடினாலும் அது முழுமையாக மூடுவதில்லை. மறுமுறை விரைவாக எழுவதற்காகத் தன் உள்நிலையை வன்தட்டில் எழுதி வைத்துவிட்டுத் தூங்குகிறது. இந்த விரைவுத் தொடக்க வசதி இயங்கும் கணனிகளில், நேற்றிருந்த குழப்பம் இன்று காலையும் அப்படியே எழுந்து வரலாம். சுட்டியோ ஒலியோ காரணமின்றி மக்கர் செய்தால், மூடித் திறப்பதைவிட 'ரீஸ்ராட்' என்பதைத் தெரிவு செய்வதே முழுமையான மருந்து. தினமும் மூடித்தானே வைக்கிறேன் என்று சொல்பவர்கள் கவனிக்க.

என் தொழில்சார் நண்பர்களுக்கும் ஒரு சொல். தொலைபேசியை வாரத்துக்கு ஒருமுறையாவது அணைத்து ஏற்றுமாறு அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகமே 2020 இல் வெளியிட்ட அறிவுறுத்தலில் சொல்கிறது. உளவு மென்பொருள்களில் சில, தற்காலிக நினைவகத்தில் மட்டும் தங்குபவை, அணைத்தால் போய்விடும். திரும்ப வரலாம் என்பதும் உண்மை. மேலும், ஏற்றியபின் கடவு இலக்கத்தை ஒருமுறை இடும்வரை, தொலைபேசியில் உள்ளவை இறுகப் பூட்டிய நிலையிலேயே இருக்கும். இதனாலேயே ஐபோன்கள், மூன்று நாட்கள் திறக்கப்படாமல் இருந்தால் தாமாகவே அணைந்து ஏறும்படி 2024 இல் மாற்றப்பட்டன. அதேபோன்ற வசதி 2025 இல் அன்ட்ரொய்டுக்கும் வந்தது. வடக்கில் செய்தி சேகரிக்கும் ஒருவருக்கு இது வெறும் தொழில்நுட்பத் தகவல் அன்று என்பதை விளக்கவேண்டியதில்லை.

எனினும் இதைச் சர்வரோக நிவாரணியாக்கிவிடக்கூடாது. நாள்தோறும் உறையும் தொலைபேசியை நாள்தோறும் அணைத்து ஏற்றுவது, காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போடுவது போன்றது. சேமிப்பிடம் நிரம்பியிருக்கிறதா, புதிதாக நிறுவிய செயலி எது என்று பார்க்கவேண்டும். பின்பக்கம் பற்றரி வீங்கித் தெரிந்தால் உடனே மின்னூட்டுவதை நிறுத்தவேண்டும். அழுத்தவோ குத்தவோ கூடாது. அது கடைக்குப் போகவேண்டிய பழுதேதான். தவிர, பொத்தான்களைப் பிடித்திருக்கும்போது ஆங்கில வரிகள் நிறைந்த கறுத்த திரையொன்று தோன்றினால், எதையும் தெரிவு செய்யாமல், மீளத் தொடக்கும் வரியை மட்டும் தேடவேண்டும். 'வைப்' என்றோ 'ஃபக்ரறி' என்றோ தொடங்கும் வரியின் பக்கம் போகவே கூடாது. அந்தத் தாயின் படத்தைத் துடைத்தது அப்படியான ஒரு வரியாகத்தான் இருக்கவேண்டும்.

சொல் விடயத்தில் எனக்கொரு முன்மொழிவு உண்டு. 'ரீஸ்ராட்' என்பதை 'அணைத்தேற்றல்' என்போம். 'ரீசெற்' என்பதை 'துடைத்தழித்தல்' என்போம். பண்டிதர்கள் இதைவிட அழகான சொற்கள் வைத்திருக்கலாம். ஆனால் சொல்லைக் கேட்டவுடன் எது போகும், எது இருக்கும் என்று ஒரு தாய்க்கு விளங்கவேண்டும். "அம்மா, துடைத்தழிக்கட்டுமா?" என்று கடைக்காரர் கேட்டிருந்தால், எந்தத் தாய் தலையசைத்திருப்பார்?

புலம்பெயர்ந்த உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். இனி ஊருக்குப் பெட்டி அனுப்பும்போது, ஒவ்வொரு கருவியோடும் ஒரு தாள் வையுங்கள். பற்றரி எந்தப் பக்கம் போகும், ஆளி எங்கே இருக்கிறது, செருகி எங்கே ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது, உறைந்தால் எந்தப் பொத்தானை எத்தனை விநாடி பிடிக்கவேண்டும் என்று உங்கள் கையெழுத்தில், தமிழில், பத்து வரி. அச்சடித்த ஆங்கிலத் தாளை அடுப்பில் போடுவார்கள். தம்பி எழுதிய தாளைப் போடமாட்டார்கள்.

நான் ஊரிலிருந்து புறப்பட்ட காலையில், மருமகள் தன் கொப்பியில் ஒரு பக்கத்தைக் கிழித்து, அன்றிரவு செய்தவற்றை வரிசையாக எழுதிக் கணனிக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தாள். முதல்வரி: பற்றரியைக் கழற்றிப் பார். கடைசிவரிக்குக் கீழே சிவப்பு மையில் இரட்டைக் கோடிட்டு: அணைத்தேற்றினால் படம் அழியாது. பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருவன் அதைத் தன் தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டிருந்தான்.

சுவர்க்கடிகாரத்துக்குச் சந்தியில் புதுப் பற்றரி வாங்கிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.